உடலின் களஞ்சியம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

மெலிந்தவர் நலமுடையவர், பருத்தவர் நோயுடையவர் என்று தோற்றத்தைக் கொண்டே முடிவு செய்வது நம் வழக்கம். உடல் இந்த எளிய கணக்கின்படி இயங்குவதில்லை. ஒரே எடையுள்ள இருவருள் ஒருவர் நலமாக வாழ்வதும் மற்றவர் நீரிழிவுக்கு ஆளாவதும் உண்டு. இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை உடலின் கொழுப்புத் திசுவில் தேடிச் செல்கிறது இப்பாடம்.

இருவர்க்கும் ஓர் எண்

2004ஆம் ஆண்டு 'லான்செட்' என்னும் மருத்துவ இதழ், இரண்டு மருத்துவ அறிஞர்களின் உடல் அளவுகளை அவர்களது படத்தோடு வெளியிட்டது. ஒருவர் புனே நகரைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் இலண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருடைய உடல் நிறைக் குறியெண்ணும் 22.3 என ஒன்றாகவே இருந்தது. அவ்வெண்ணின்படி இருவரும் அளவான எடை உடையவர்களே. ஆனால், அவர்கள் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடும் யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடும் இருந்தன. குறியெண் ஒன்றெனக் காட்டிய இரண்டு உடல்களுள் ஒன்றில் மற்றதைவிட இருமடங்குக்கும் மேலான கொழுப்பு இருந்தது.

உடல் நிறைக் குறியெண் என்பது கிலோகிராமில் அளந்த எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் இருமடியால் வகுத்துப் பெறும் எண் ஆகும். 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜிய நாட்டுக் கணிதவியலறிஞர் அடோல்ப் கெட்லே இவ்விகிதத்தைக் கண்டறிந்தார். மக்கள்தொகையின் பொதுவான உடலமைப்பை விளக்குவதே அவர் நோக்கம். தனியொருவரின் நோயை அறிவதன்று. 1972ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரை வழங்கினார். ஒரு நாட்டின் நிலையை அறிய இவ்வெண் பயன்படும். ஆயினும், எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அக்கொழுப்பு எங்கே இருக்கிறது என்னும் வினாக்களுக்கு அதனிடம் விடையில்லை.

தெரிந்து தெளிவோம்

60 கிலோகிராம் எடையும் 1.6 மீட்டர் உயரமும் உடைய ஒருவரின் உடல் நிறைக் குறியெண்: 60 ÷ (1.6 × 1.6) = 23.4. உலக நலவாழ்வு அமைப்பின் பொது அளவுகோலின்படி 25க்கு மேல் மிகையெடை. 30க்கு மேல் உடல் பருமன். ஆசிய மக்களுக்கு 23 முதலே கவனம் தேவை என்று அவ்வமைப்பின் வல்லுநர் குழு 2004இல் அறிவித்தது.

சேமிக்கும் திசு

கொழுப்பு என்றவுடன் வேண்டாத சுமை என்னும் எண்ணமே நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது உயிரினம் பசியை வென்று வாழக் கண்ட வழி. ஒரு கிராம் மாவுப்பொருள் ஏறத்தாழ 4 கிலோ கலோரி ஆற்றலைத் தருகிறது. ஒரு கிராம் கொழுப்போ 9 கிலோ கலோரி தருகிறது. குறைந்த இடத்தில் மிகுந்த ஆற்றலைச் சேர்த்து வைக்க இதைவிடச் சிறந்த பொருள் உடலில் இல்லை.

இச்சேமிப்பு கொழுப்புச் செல்களில் நிகழ்கிறது. முதிர்ந்த கொழுப்புச் செல் ஒன்றின் உள்ளிடம் முழுவதையும் பெரும்பாலும் ஒரே கொழுப்புத்துளி நிறைத்துக்கொள்கிறது. உட்கருவும் பிற உறுப்புகளும் விளிம்பில் ஒதுங்கி நிற்கின்றன. உணவு உண்டபின் கணையம் சுரக்கும் இன்சுலின், 'சேமித்து வை' என்னும் ஆணையை இச்செல்களுக்குத் தருகிறது. உணவில்லாத நேரத்தில் இன்சுலின் குறையும்போது, சேமித்த கொழுப்பு சிதைந்து கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் கலந்து பிற உறுப்புகளுக்கு எரிபொருளாகிறது.

வேளாண்குடியின் வீட்டிலுள்ள குதிரை இதற்கு உவமையாகக் கூறலாம். அறுவடைக் காலத்தில் நெல்லைக் குதிரில் கொட்டுவர். தேவைப்படும்போது அளந்து எடுப்பர். குதிர் நன்றாக இருந்தால் வீடு தூய்மையாக இருக்கும், நெல்லும் கெடாது. குதிர் சிறிதாகவோ சிதைந்தோ இருந்தால், மிகுந்த நெல் முற்றத்திலும் அடுக்களையிலும் சிதறும். நடக்க வழியிராது, எலியும் வரும். அந்நிலையில் வீட்டாருக்குத் தொல்லை தருவது நெல்லன்று. நெல்லுக்குரிய இடமின்மையே ஆகும்.

களஞ்சியம் இல்லாத உடல்

கொழுப்புத் திசுவே இல்லாமல் பிறந்தால் மனிதர் நலமாக வாழ்வரா? இவ்வினாவிற்கு இயற்கையே விடை தந்துள்ளது. கொழுப்பிழப்பு நோய் என்னும் அரிய குறைபாடு சிலருக்கு உண்டு. இவர்கள் உடலில் தோலுக்கடியில் கொழுப்புத் திசு ஏறத்தாழ இல்லாமலே போகிறது. பார்வைக்கு மெலிந்தும் தசைகள் புடைத்தும் தோன்றும் இவர்களுக்குக் கடுமையான நீரிழிவும் கல்லீரல் கொழுப்பு நோயும் இரத்தத்தில் மிகுகொழுப்பும் உண்டாகின்றன. உண்ட உணவின் மிகுதியைச் சேமிக்க இடமில்லாததால் அது கல்லீரலிலும் தசையிலும் சென்று படிகிறது.

கொழுப்புத் திசு இல்லாதவாறு மரபணு மாற்றம் செய்யப்பட்ட எலிகளை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த சோதனையின் முடிவு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. நீரிழிவால் வாடிய அவ்வெலிகளுக்கு நலமான எலிகளின் கொழுப்புத் திசுவை ஒட்டு வைத்தனர். ஒட்டு வைத்தபின் நீரிழிவு தணிந்தது. கல்லீரலில் படிந்த கொழுப்பும் குறைந்தது. கொழுப்புத் திசுவைச் சேர்த்ததனால் நோய் தீர்ந்தது என்பது வியப்பாகத் தோன்றலாம். குதிரை எண்ணிப் பார்த்தால் வியப்பு நீங்கும்.

இடம் அறிதல்

களஞ்சியம் உடலில் ஓரிடத்தில் மட்டும் அமைந்ததன்று. தோலுக்கடியில், சிறப்பாகத் தொடை, இடுப்பு, பிட்டம் ஆகிய பகுதிகளில் இருப்பது தோலடிக் கொழுப்பு. வயிற்றறையின் உள்ளே குடலையும் பிற உறுப்புகளையும் சூழ்ந்திருப்பது உள்ளுறுப்புக் கொழுப்பு. முன்னதை விரல்களால் கிள்ளிப் பிடிக்கலாம். பின்னது கைக்கு எட்டாதது.

இவ்வேறுபாட்டின் மருத்துவ முதன்மையை முதலில் எடுத்துரைத்தவர், பிரான்சு நாட்டின் மார்சேய் நகர மருத்துவர் ழான் வாக். வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகுந்தோர்க்கு நீரிழிவும் இதயநோயும் மிகுதியாக வருவதையும், இடுப்பிலும் தொடையிலும் மிகுந்தோர்க்கு அவ்வாறு வராமையையும் அவர் கண்டார். 1947ஆம் ஆண்டு அவர் இக்கருத்தை வெளியிட்டபோது மருத்துவ உலகம் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சி.டி. ஊடுகதிர்ப் படங்கள் வந்தபின், 1980களில் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக அறிஞர் யூஜி மட்சுசாவா குழுவினர் வயிற்றறைக் கொழுப்பை நேரடியாக அளந்து காட்டினர். பெரும் உடலினரான சுமோ மற்போர் வீரர்களின் கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கடியில் இருப்பதையும், கடும்பயிற்சியில் ஈடுபடும் காலத்தில் அவர்களது உள்ளுறுப்புக் கொழுப்பு குறைவாக இருப்பதையும் அவர்கள் கண்டனர்.

உள்ளுறுப்புக் கொழுப்பு ஏன் தீமை விளைவிக்கிறது? அங்கிருந்து புறப்படும் இரத்தத்தின் பெரும்பகுதி போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. அக்கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்களும் அழற்சிப் பொருள்களும் வேறெங்கும் சென்று கரையாமல் முதலில் கல்லீரலையே தாக்குகின்றன.

2004ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு இதனை வேறு வகையில் காட்டுகிறது. உடல் பருமன் உடைய 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலடியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோகிராம் கொழுப்பை உறிஞ்சி எடுத்தனர். சில வாரங்களுக்குப் பின் சோதித்தபோது அவர்களது இன்சுலின் செயற்பாட்டில் முன்னேற்றம் காணப்படவில்லை. எடை குறைந்தது, தோற்றம் மாறியது, வளர்சிதை மாற்றம் மாறவில்லை. உறிஞ்சி எடுத்தது தீங்கு குறைந்த தோலடிக் கொழுப்பை. உள்ளுறுப்புக் கொழுப்பும் கல்லீரல் கொழுப்பும் இருந்தவாறே இருந்தன.

பேசும் திசு

கொழுப்புத் திசு வாளாவிருக்கும் கிடங்கு என்றே நெடுங்காலம் கருதினர். 1994ஆம் ஆண்டு நியூயார்க்கின் ராக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் அக்கருத்தை மாற்றினர். கொழுப்புச் செல்கள் ஒரு ஹார்மோனைச் சுரந்து, 'சேமிப்பு போதும்' என்று மூளைக்குத் தெரிவிப்பதை அவர்கள் கண்டறிந்தனர். மெலிவு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு 'லெப்டின்' என்று பெயரிட்டனர். அன்று முதல் கொழுப்புத் திசுவும் ஒரு நாளமில்லாச் சுரப்பி என்னும் உண்மை நிலைபெற்றது.

கொழுப்புத் திசு சுரக்கும் மற்றொரு ஹார்மோன் அடிப்போநெக்டின். இது கல்லீரலும் தசையும் இன்சுலினுக்குச் செவிசாய்க்கத் துணைபுரிகிறது. ஆனால், கொழுப்புச் செல்கள் அளவுக்கு மேல் பருக்கும்போது இதன் சுரப்பு குறைகிறது. களஞ்சியம் பெருகப் பெருக, அதன் காவலர் குறைவது போன்றது இது.

வளரும் விதம்

உடல் பருமனில் கொழுப்புத் திசு இரண்டு வகையில் விரிவடைகிறது. புதிய கொழுப்புச் செல்கள் உருவாகி, சுமையைப் பகிர்ந்துகொள்வது ஒருவகை. இருக்கின்ற செல்களே மேலும் மேலும் பருப்பது மற்றொரு வகை. முதல் வகையில் ஒவ்வொரு செல்லும் சிறிதாகவும் செயல்திறத்தோடும் இருக்கிறது. இரண்டாம் வகையில் செல் வீங்குகிறது. அதற்கேற்ப இரத்தக் குழாய்கள் வளராததால் உயிர்வளி போதாமல் நலிகிறது. சில செல்கள் மடிகின்றன.

மடிந்த செல்களை அகற்ற, நோயெதிர்ப்பு மண்டலத்தின் பெருவிழுங்கிச் செல்கள் அங்கே குவிகின்றன. 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுகள், உடல் பருமன் மிகும்போது கொழுப்புத் திசுவில் இச்செல்கள் பெருகுவதை எடுத்துக்காட்டின. இவற்றாலும் நலிந்த கொழுப்புச் செல்களாலும் அழற்சிப் பொருள்கள் சுரக்கின்றன; திசுவில் நார்ப்பொருள் படர்ந்து இறுகுகிறது. இறுகிய திசு மேலும் விரிய இயலாது. இன்சுலினின் ஆணையும் அதற்குள் சரிவர எடுபடுவதில்லை. அதனால் கொழுப்பு அமிலங்கள் ஓயாது கசிந்து கல்லீரலிலும் தசையிலும் கணையத்திலும் படிகின்றன. கல்லீரல் தேவையின்றிக் குளுக்கோசை வெளிவிடுகிறது; தசை அதை ஏற்க மறுக்கிறது; கணையம் சோர்கிறது. நீரிழிவு தோன்றும் பாதை இதுவே.

இக்கருத்தை உறுதிசெய்யும் சோதனை ஒன்று 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. லெப்டின் இல்லாததால் அளவின்றி உண்டு பருக்கும் எலிகளில் அடிப்போநெக்டின் மிகுதியாகச் சுரக்குமாறு செய்தனர். அவ்வெலிகள் முன்னினும் பருத்தன. ஆயினும், அவற்றின் இரத்தச் சர்க்கரை சீரடைந்தது. கொழுப்பு கல்லீரலை விட்டு நீங்கித் தோலடித் திசுவில் சிறுசிறு செல்களாகச் சேர்ந்ததே காரணம். மேலும் பருத்த எலி மேலும் நலமடைந்தது என்னும் இச்செய்தி, எடையையும் நோயையும் ஒன்றாகக் கருதும் பிழையைத் தெளிவாகக் காட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டு வெடிப்புச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன்-14 பெருகி, உணவின் வழியாக மனித உடலிலும் சேர்ந்தது. அதனைக் கொண்டு கொழுப்புச் செல்களின் வயதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணித்து 2008இல் வெளியிட்டனர். கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் பெருகி, அதன்பின் பெரும்பாலும் மாறாதிருக்கிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 விழுக்காடு செல்கள் மடிந்து, அதே அளவு புதியவை தோன்றுகின்றன.

நலமான பருமன் உண்டா?

உடல் பருமன் உடையோருள் ஒரு பகுதியினர்க்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியன இயல்பான அளவிலேயே உள்ளன. இவர்களிடம் கல்லீரல் கொழுப்பும் உள்ளுறுப்புக் கொழுப்பும் குறைவு. தோலடித் திசு நன்கு விரிந்து கொடுக்கிறது. மருத்துவர்கள் இந்நிலையை வளர்சிதை மாற்ற நலமுடைய பருமன் என்கின்றனர்.

ஆயினும், இது என்றும் நீடிக்கும் உறுதிமொழியன்று. இங்கிலாந்து அரசு ஊழியரிடையே நடந்த நெடுங்கால ஆய்வில், நலமான பருமன் உடையோருள் ஏறத்தாழ பாதிப்பேர் 20 ஆண்டுகளில் அந்நலத்தை இழந்திருந்தனர். பிரிட்டனின் 35 இலட்சம் மக்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வும், இத்தகையோர்க்கு இயல்பான எடையுடையோரைவிட இதயநோய் வாய்ப்பு மிகுதி என்றே காட்டியது. எவ்வளவு நல்ல குதிருக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. மேலும், மூட்டுத் தேய்வு, உறக்கத்தில் மூச்சடைப்பு போன்றவை எடையின் சுமையாலேயே வருவன. ஆகவே, பருமன் தீங்கற்றது என்பதும் பிழை. பருத்தவர் அனைவரும் நோயாளிகள் என்பதும் பிழை.

நம் நாட்டு நிலை

இந்தியர்க்கு இவ்வறிவு இன்றியமையாதது. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. குறியெண் கொண்டு அளந்த உடல் பருமன் 28.6 விழுக்காடு, இடுப்புச் சுற்றளவு கொண்டு அளந்த வயிற்றுப் பருமனோ 39.5 விழுக்காடு. எடைப்பொறி காட்டாத தீங்கை அளவுநாடா காட்டியது.

இதன் வேர் கருவறையிலேயே தொடங்குகிறது. யாஜ்னிக் குழுவினர் புனே அருகிலுள்ள சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டனர். புனேக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோகிராம், சவுத்தாம்ப்டன் குழந்தைகளின் எடை 3.5 கிலோகிராம். நம் குழந்தைகளின் தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. 'மெலிந்து கொழுத்த குழந்தை' என்று இந்நிலையை அவர்கள் குறித்தனர். தாயின் ஊட்டக்குறைவும் தலைமுறைகளின் வறுமையும் இதில் பங்கு கொள்கின்றன. ஆதலின், ஒருவரின் உடலமைப்பு அவர் இன்று உண்ணும் உணவால் மட்டும் அமைவதன்று; அவர் பிறக்குமுன் எழுதப்பட்ட பக்கங்களும் அதில் உள்ளன.

செய்யத் தக்கவை

ஒவ்வொருவர் உடலுக்கும் கொழுப்பைத் தாங்கும் வரம்பு ஒன்று உண்டு என்கிறார் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக அறிஞர் ராய் டெய்லர். அவ்வரம்பு ஒருவருக்கு 60 கிலோகிராமிலும் மற்றொருவருக்கு 100 கிலோகிராமிலும் அமையலாம். வரம்பைக் கடந்தவர், எடையைச் சிறிது குறைத்து வரம்பிற்குள் மீண்டால் உறுப்புகளில் படிந்த கொழுப்பு முதலில் கரைகிறது. அவர் பங்கேற்ற ஆய்வொன்றின் முடிவு 2017இல் வெளிவந்தது. மருத்துவ மேற்பார்வையில் உணவைக் குறைத்து எடை இழந்த குழுவினருள் 46 விழுக்காட்டினர்க்கு ஓராண்டில் இரண்டாம் வகை நீரிழிவு தணிந்திருந்தது. வழக்கமான மருத்துவம் பெற்ற குழுவிலோ 4 விழுக்காட்டினர்க்கே தணிந்தது. நோய் வந்தபின்னும் மீளும் வழி பலருக்கு உண்டு என்பதற்கு இது சான்று.

நாள்தோறும் உடற்பயிற்சி செய்தல், எடைப்பொறி பெரிதாகக் காட்டாவிடினும், உள்ளுறுப்புக் கொழுப்பைக் குறைக்கிறது. இனிப்புப் பானங்களைத் தவிர்த்தலும் போதிய உறக்கமும் புகையிலையை விலக்குதலும் துணைபுரிகின்றன. எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளந்தறிய வேண்டும். தெற்காசியரில் வளர்ந்த ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பன எச்சரிக்கை எல்லைகள்.

இவ்வறிவியல் நமக்கு உணர்த்தும் அறமும் ஒன்றுண்டு. வகுப்பறையில் பருத்த உடலுடைய தோழர் ஒருவர் கேலிக்கு ஆளாகிறார்; மெலிந்த உடலுடைய மற்றொருவர் எதையும் உண்ணலாம் எனத் துணிகிறார். இருவர்க்கும் அவரவர் தோற்றம் பொய்ச் சான்று சொல்கிறது. முன்னவர் கேலிக்கு அஞ்சி உணவை வெறுப்பதும் விளையாட்டுத் திடலை விட்டு ஒதுங்குவதும் அவர் நலத்தைக் கெடுக்கும். பின்னவரின் துணிவு காலம் கடந்து நோயாக வெளிப்படும். உடலைக் கண்டு மனிதரை எடைபோடுவதை விடுத்து, உள்ளே நிகழ்வதை அறிந்து உடலைப் பேணுவதே கற்றவர்க்கு அழகு.

கலைச்சொல் அறிவோம்

வளர்சிதை மாற்றம் – உணவு உடலில் ஆற்றலாகவும் உடற்பொருளாகவும் மாறும் வேதிச் செயல்களின் தொகுப்பு
தோலடிக் கொழுப்பு – தோலுக்குக் கீழே அமைந்த கொழுப்புத் திசு
உள்ளுறுப்புக் கொழுப்பு – வயிற்றறையின் உறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்புத் திசு
அழற்சி – காயத்திற்கோ நலிவிற்கோ எதிராக நோயெதிர்ப்பு மண்டலம் காட்டும் வினை

கற்பவை கற்றபின்...

1. உம் வீட்டிலுள்ள பெரியவர்களின் இசைவோடு அவர்களது இடுப்புச் சுற்றளவை அளந்து, பாடத்தில் கூறிய எல்லைகளோடு ஒப்பிட்டு அவர்களிடம் விளக்குக.
2. 'தோற்றம் நலத்தின் அளவுகோலன்று' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. கொழுப்புச் செல்கள் சுரந்து மூளைக்குச் சேமிப்பின் அளவைத் தெரிவிக்கும் ஹார்மோன்
அ) இன்சுலின் ஆ) லெப்டின் இ) குளுக்கோஸ் ஈ) கார்பன்-14

2. வயிற்றுக் கொழுப்பிற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை 1947இல் வெளியிட்டவர்
அ) ஆன்செல் கீஸ் ஆ) ராய் டெய்லர் இ) ழான் வாக் ஈ) ஜான் யுட்கின்

குறுவினா

1. உடல் நிறைக் குறியெண்ணின் குறைபாடு யாது?
2. உள்ளுறுப்புக் கொழுப்பு கல்லீரலை முதலில் தாக்குவது ஏன்?

சிறுவினா

1. கொழுப்பு உறிஞ்சி எடுக்கப்பட்ட பெண்களின் வளர்சிதை மாற்றம் சீரடையாமைக்குக் காரணம் கூறுக.
2. 'மெலிந்து கொழுத்த குழந்தை' – விளக்குக.

நெடுவினா

கொழுப்புத் திசுவைக் குதிரோடு ஒப்பிட்டு, அதன் இடமும் வளரும் விதமும் உடல்நலத்தை முடிவு செய்வதைச் சான்றுகளுடன் தொகுத்து எழுதுக.